பஞ்சுவின் தட்டில் எவ்வளவு தண்ணீர்?

கேள்வி: டாக்டர், நாங்கள் தூத்துக்குடியில் இருக்கிறோம். எங்கள் பூனை பஞ்சுவுக்கு நாலு வயது. அப்பா பெர்ஷியன், அம்மா தெருப்பூனை. ஒரு வயதில் கருத்தடை ஆபரேஷன் செய்துவிட்டோம். இப்போது ஆறு கிலோ இருக்கிறான், வீட்டைவிட்டு வெளியே போவதில்லை. குட்டியிலிருந்தே டிரை ஃபுட்தான். கிண்ணத்தில் எந்நேரமும் நிறைந்திருக்கும். போன மாதம் ஒரு நாள் முழுக்க மணல் தொட்டிக்குப் போவதும் வருவதுமாக இருந்தான். மலச்சிக்கல் என்று நினைத்துவிட்டோம். மறுநாள் காலையில் வாந்தி. டாக்டர் பார்த்ததும், சிறுநீர் அடைத்துவிட்டது என்று உடனே கதீட்டர் என்ற மெல்லிய குழாயைப் போட்டு, மூன்று நாள் வைத்திருந்து அனுப்பினார். சிறுநீரில் ஸ்ட்ரூவைட் கிரிஸ்டல் இருந்ததாம். எக்ஸ்ரேயில் கல் இல்லையாம். சிறுநீர்க் கோளாறுக்கான டிரை ஃபுட் எழுதிக் கொடுத்திருக்கிறார். பஞ்சு அதை அரைகுறையாகத்தான் சாப்பிடுகிறான். சாளை மீனை வேகவைத்துக் கொடு, அந்தக் காலத்துப் பூனைக்கு எந்தக் கல்லும் வந்ததில்லை என்கிறார் அம்மா. கடைக்காரர் தானியம் சேராத உணவை வாங்கச் சொல்கிறார். பக்கத்து வீட்டு அக்கா வாழைத்தண்டுச் சாறு கொடுக்கச் சொல்கிறார். எங்கள் போர் தண்ணீர் உப்பு, அதனால்தான் வந்ததா? ஏழு வயதில் ஒரு பெண் பூனையும் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே சாப்பாடு போடலாமா? மறுபடி அடைக்காமல் இருக்க பஞ்சுவுக்கு என்னதான் கொடுப்பது?

— ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பஞ்சு பிழைத்து வீடு வந்து சேர்ந்தான் என்று படித்தபோது நிம்மதியாக இருந்தது. உங்கள் கேள்விகள் எல்லாவற்றுக்கும் வருகிறேன். ஆனால் சாப்பாட்டுப் பேச்சுக்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒருமுறை அடைத்த கடுவனுக்கு மறுபடி அடைப்பது பெரும்பாலும் முதல் சில வாரங்களிலும் மாதங்களிலும்தான். பஞ்சு இப்போது அந்தக் காலத்தில்தான் இருக்கிறான்.

மணல் தொட்டிக்கு அடிக்கடி போவது, முக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது, சொட்டுச் சொட்டாக வருவது அல்லது வராமலே போவது, பின்னங்கால் நடுவே ஓயாமல் நக்குவது, தொட்டியில் உட்கார்ந்து கத்துவது. இவற்றில் எதைப் பார்த்தாலும் ராத்திரி இரண்டு மணியானாலும் கிளம்பிவிடுங்கள். முழுதாக அடைத்துவிட்டால் ஒன்றிரண்டு நாளில், போனால் மூன்று நாளில் உயிர் போய்விடும். சிறுநீரோடு வெளியேற வேண்டிய பொட்டாசியம் ரத்தத்தில் ஏறி, இதயத்தின் துடிப்பையே குலைத்துவிடும். வயிற்றை அமுக்கிப் பார்க்காதீர்கள், நிறைந்த சிறுநீர்ப்பை கிழிந்துவிடலாம். வலியில் துடிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். நமக்குச் சாதாரணமான அந்த ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லப் போதும். இரவில் யாரிடம் போவது என்று இன்றே விசாரித்து, எண்ணை ஃபிரிட்ஜ் மேல் ஒட்டி வையுங்கள். திருநெல்வேலி இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே அவசரச் சிகிச்சை எந்த நேரங்களில் கிடைக்கும் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மலச்சிக்கல் என்று நினைத்ததற்காக உங்களை நொந்துகொள்ளாதீர்கள். பார்க்கிற எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும். நான் தொழிலுக்கு வந்த இரண்டாம் வருடம் ஒரு பெரியவர் தன் பூனையைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தார். இரண்டு நாளாக முக்குகிறது என்று விளக்கெண்ணெய் கொடுத்துப் பார்த்திருக்கிறார். தொட்டபோது வயிற்றுக்குள் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கல்லாக இறுகிய சிறுநீர்ப்பை. கதீட்டர் போடுவதற்குள் இதயம் நின்றுவிட்டது. அவர் அந்தப் பூனையை அவ்வளவு பாசமாக வளர்த்தவர். அந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அதனால்தான் பூனை வளர்ப்பவர்கள் யார் வந்தாலும், என்ன கேட்டு வந்தாலும், இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம்.

எந்தக் கம்பெனி, தானியம் உண்டா இல்லையா, மீனா கோழியா என்று எல்லோரும் உங்களிடம் பேசியிருக்கிறார்கள். அந்தச் சாப்பாட்டில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. பஞ்சு விஷயத்தில் நான் முதலில் கேட்பது அதைத்தான்.

வீட்டுப் பூனையின் மூதாதை, வட ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வறண்ட நிலத்தில் வாழ்ந்த காட்டுப்பூனை. அங்கே குடிக்கத் தண்ணீர் தேடி அலைந்தால் கட்டுப்படியாகாது. அது தின்ற எலியின் உடம்பில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீரை வைத்தே பிழைத்துக்கொண்டது. அதற்கேற்ப அதன் சிறுநீரகம் ஒரு சொட்டையும் வீணாக்காமல் சிறுநீரைக் கெட்டியாக்கக் கற்றுக்கொண்டது. தாகம் என்கிற உணர்ச்சி நாய்க்கு இருக்கும் அளவுக்கு அதற்கு இல்லை. பஞ்சு சோபாவில் படுத்திருந்தாலும் உடம்பு அதே உடம்புதான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு பூனைக்கு ஒரு நாளுக்கு வேண்டிய மொத்தத் தண்ணீர், கிலோவுக்கு ஏறத்தாழ 50 மில்லி. பஞ்சு தடித்திருப்பதால் 250 மில்லி என்று வைத்துக்கொள்ளலாம். டிரை ஃபுட்டில் ஈரம் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. 70 கிராம் தின்றால் அதிலிருந்து ஆறேழு மில்லிதான் உடம்பில் சேரும். மிச்சத்தை எல்லாம், ஒரு பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரை, அவன் நாக்கால் நக்கியே குடித்தாக வேண்டும். பவுச்சில் வரும் கிரேவி உணவில் நூற்றுக்கு எழுபத்தைந்து எண்பது பங்கு தண்ணீர். 80 கிராம் பவுச் ஒன்றில் 60 மில்லி வந்துவிடும். ஒரு நாளுக்கு மூன்று பவுச் சாப்பிட்டால் கிண்ணத்தின் பக்கமே போகாமல் 180 மில்லி உள்ளே போய்விடுகிறது. டிரை ஃபுட் தின்னும் பூனை கூடுதலாகக் குடிக்கத்தான் செய்யும், ஆனால் அந்தக் குறையை அது முழுதாக ஈடுகட்டுவதில்லை.

ஸ்ட்ரூவைட் என்பது மக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் மூன்றும் கூடிப் படியும் உப்பு. சிறுநீர் கெட்டியாகவும் காரத்தன்மையோடும் இருந்தால் படியும். தண்ணீர் அதிகமானால் கரைந்தே வெளியே போய்விடும். தண்ணீர் இன்னொரு வேலையும் செய்கிறது: பூனை அடிக்கடி சிறுநீர் கழிக்கும், எதுவும் உள்ளே நெடுநேரம் தங்காது. பஞ்சுவுக்கு எக்ஸ்ரேயில் கல் இல்லை என்பதால், அடைத்தது பெரும்பாலும் கல்லாக இருக்காது. சிறுநீர்ப்பையின் உட்சுவர் அழன்று, அதிலிருந்து வரும் சளி போன்ற புரதமும் படிகங்களும் சேர்ந்து பற்பசை மாதிரி ஒரு அடைப்பானாகி, ஆண் பூனையின் குறுகலான குழாயில் சிக்கிக்கொள்ளும். அப்படித்தான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். இளம் பூனைகளின் சிறுநீர்க் கோளாறில் பாதிக்கு மேல் இந்த வகை அழற்சிதான். கிருமித் தொற்று இந்த வயதில் அபூர்வம். அதனால், உங்கள் டாக்டர் ஆன்டிபயாட்டிக் எழுதவில்லை என்றால் ஏன் எழுதவில்லை என்று கவலைப்படாதீர்கள்.

அந்த உணவை எழுதிக் கொடுத்த டாக்டர் சரியாகத்தான் செய்திருக்கிறார். அதில் மக்னீசியமும் பாஸ்பரஸும் அளந்து வைக்கப்பட்டிருக்கும். சிறுநீர் லேசான அமிலத்தன்மைக்கு வரும். பல கம்பெனிகள் இதில் உப்பையும் அளவோடு கூட்டி, பூனையைக் குடிக்க வைக்கின்றன. நான் உங்கள் டாக்டரிடம் கேட்கச் சொல்வது இரண்டு விஷயம். இதே உணவு பவுச்சிலோ டின்னிலோ கிடைக்குமா? இது கரைப்பதற்காகச் சில வாரம் மட்டும் கொடுப்பதா, நீண்ட நாள் கொடுப்பதா? இரண்டும் வேறு வேறு உணவுகள். கரைக்கும் உணவை வருடக்கணக்கில் தொடரக் கூடாது.

ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள். பாதி மருத்துவ உணவு, பாதி பழைய உணவு, நடுவே கொஞ்சம் கருவாடு என்று கலந்தால் அந்த உணவின் கணக்கே கெட்டுப்போகும். செலவும் வீண். அதேபோல, சிறுநீரை அமிலமாக்கும் மாத்திரை, வைட்டமின் சி, கிரான்பெரி என்று கடையில் எதைக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். ஏற்கெனவே அமிலமாக்கும் உணவின் மேல் இன்னும் அமிலம் சேர்த்தால் வேறொரு தொல்லை ஆரம்பிக்கும்.

அந்தத் தொல்லை ஏற்கெனவே ஒருமுறை நடந்த கதை. அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் டாக்டர் கார்ல் ஆஸ்போர்ன் 1981-இல் சிறுநீர்க் கற்களை ஆராயும் மையம் ஒன்றைத் தொடங்கினார். ஆரம்ப வருடங்களில் அங்கே வந்த பூனைக் கற்களில் பெரும்பாலானவை ஸ்ட்ரூவைட். உணவுக் கம்பெனிகள் மக்னீசியத்தைக் குறைத்து, சிறுநீரை அமிலமாக்கும்படி உணவை மாற்றின. ஸ்ட்ரூவைட் குறைந்தது. ஆனால் கால்சியம் ஆக்சலேட் கல் ஏறிக்கொண்டே வந்து, 1990-களில் ஸ்ட்ரூவைட்டையே முந்திவிட்டது. ஸ்ட்ரூவைட்டை உணவால் கரைக்கலாம், பல பூனைகளுக்கு ஒரு மாதத்துக்குள்ளேயே கரைந்துவிடும். ஆக்சலேட்டை எந்த உணவும் கரைக்காது, ஆபரேஷன்தான். வயது ஏறிய பூனைகளுக்கும் பெர்ஷியன் வகைக்கும் அது அதிகம் வருகிறது. பஞ்சுவின் அப்பா பெர்ஷியன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் அமிலமாக்குவதை அளவோடு நிறுத்தி, தண்ணீரைக் கூட்டுவதில் முழுக் கவனத்தையும் வையுங்கள் என்கிறேன். எந்த வகைக் கல்லானாலும் நீர்த்த சிறுநீரில் எளிதில் உருவாகாது.

சரி, அரைகுறையாகச் சாப்பிடுகிறவனை எப்படி மாற்றுவது? குட்டியிலிருந்து மொறுமொறுவென்று தின்றவனுக்கு ஈர உணவு சாப்பாடாகவே தெரியாது. பொறுமை வேண்டும். ஒரு மாதம், சிலருக்கு இரண்டு மாதம்கூட ஆகும். முதல் வேலை, எந்நேரமும் நிறைந்திருக்கும் அந்தக் கிண்ணத்தை எடுத்துவிடுவது. ஒரு நாள் அளவை எடைபோட்டு நாலு வேளையாகப் பிரித்து, தினமும் ஒரே நேரத்தில் வையுங்கள். வேளைக்கு வேளை பசி வரும். அப்போதுதான் புதிதாக வைப்பதை முகர்ந்தாவது பார்ப்பான்.

டிரை ஃபுட்டின் பக்கத்திலேயே தட்டையான தட்டில் ஒரு ஸ்பூன் ஈர உணவு வையுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் வைத்தால் தொடமாட்டான். அவன் மூக்குக்கு அது செத்துப்போன இரை. வெந்நீரில் பவுச்சைக் கொஞ்ச நேரம் போட்டு, கை பொறுக்கும் சூட்டில் கொடுங்கள். வாசனை எழும்பும். நக்க ஆரம்பித்ததும், வாரத்துக்கு வாரம் ஈர உணவைக் கூட்டி, காய்ந்ததைக் குறையுங்கள். ஈர உணவு பழகியபின் அதிலேயே ஒரு ஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணீர், அப்புறம் இரண்டு, மூன்று என்று சேர்த்துக் கரைத்துவிடுங்கள். என்னிடம் வரும் சில பூனைகள் கஞ்சி மாதிரி தண்ணீராக இருந்தால்தான் சாப்பிடுகின்றன. அந்த அளவுக்குப் பழகிவிடும்.

பவுச் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை என்றால் கொடுக்கிற டிரை ஃபுட்டையே தண்ணீரில் ஊறவைத்துக் கொடுக்கலாம். அதுவும் பலன் தரும். ஆனால் உங்கள் ஊர் வெயிலில் ஊறிய உணவு சீக்கிரம் புளித்துவிடும். ஒரு மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துக் கொட்டிவிடுங்கள். மருத்துவ உணவு தேவைப்படாதபோது சாதாரண பவுச் வாங்கினால், மேலே 'கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு' என்று இருக்கிறதா என்று பாருங்கள். சில பவுச்சுகள் வெறும் தின்பண்டம். அவற்றை மட்டுமே கொடுத்து வளர்த்தால் சத்துக் குறைபாடு வரும்.

பசித்தால் தானே சாப்பிடும் என்று மட்டும் யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். நாய்க்கு அது பொருந்தலாம். பஞ்சுவைப் போலத் தடித்த பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் உடம்பிலுள்ள கொழுப்பெல்லாம் கல்லீரலில் போய்ச் சேர்ந்து கல்லீரலே செயலிழக்கும். ஒரு நாள் முழுக்க எதுவும் சாப்பிடவில்லை என்றால் பழைய உணவையே கொடுத்துவிட்டு டாக்டருக்கு ஃபோன் செய்யுங்கள்.

இப்போது அம்மாவின் சாளை. அந்தக் காலத்துப் பூனைகள் என்று அம்மா சொல்வதில் ஒரு உண்மை இருக்கிறது. அவை எலியும் பல்லியும் அணிலும் மீன் கழிவும் தின்றன, நாள் முழுக்க ஓடின. தட்டில் தண்ணீர் இருந்தது, உடம்பில் சதை இல்லை. ஆனால் சுவர் மூலையில் அடைத்துக் கிடந்து செத்த கடுவன்கள் அப்போதும் இருந்திருக்கும். என்ன நோய் என்று யாரும் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

சாளை மட்டுமே தினமும் போட்டால் சிக்கல் வரும். முள்ளோடு தின்னும் சிறு மீனில் பாஸ்பரஸும் மக்னீசியமும் கால்சியமும் அதிகம். நாம் குறைக்கப் பார்ப்பது அதைத்தான். பச்சையாகக் கொடுத்தால் சாளையிலுள்ள ஒரு நொதி தயமின் என்ற பி1 வைட்டமினை அழித்து நரம்பைப் பாதிக்கும். மீன் கொழுப்பே அதிகமாகிப் போனால் வைட்டமின் ஈ பற்றாமல் உடம்பிலுள்ள கொழுப்பு அழன்று வலிக்கும். கருவாடு வேண்டவே வேண்டாம். சோறோடு பிசைந்து கொடுப்பதும் வேண்டாம். சைவப் பகுதி கூடக்கூடச் சிறுநீர் காரப்பக்கம் சாய்கிறது, ஸ்ட்ரூவைட்டுக்கு அது தோதான இடம்.

ஆனால் அம்மாவிடமிருந்து எனக்கு வேண்டிய ஒன்று இருக்கிறது. மீன் வேகவைத்த தண்ணீர். உப்பு, மஞ்சள், வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் ஒரு துண்டு மீனையோ கோழியையோ நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்து எடுங்கள். ஐஸ் டிரேயில் ஊற்றி உறையவைத்து, வேளைக்கு ஒரு கட்டியைச் சூடாக்கி உணவில் கலக்குங்கள். இதைவிட மலிவான மருந்து இல்லை. வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். அதனால் குழம்பிலிருந்து எடுத்துக் கழுவிக் கொடுப்பது இதற்கு மாற்று ஆகாது. டாரின் என்று ஒரு சத்து இருக்கிறது. அது இல்லாவிட்டால் பூனையின் இதயத் தசை தளர்ந்துவிடும். கலிஃபோர்னியாவில் டாக்டர் பால் பயான் 1987-இல் இதைக் கண்டுபிடித்து வெளியிட்டபின்தான் பூனை உணவுகளில் டாரினைக் கூட்டினார்கள். வேகவைக்கும்போது இறைச்சியிலுள்ள டாரின் தண்ணீரில் இறங்கிவிடுகிறது. வீட்டில் சமைத்துப் போடுகிறவர்கள் பலர் அந்தத் தண்ணீரைத்தான் கீழே ஊற்றுகிறார்கள். அதற்காக வேகவைத்த கோழியும் தண்ணீரும் மட்டும் போதும் என்று நினைத்துவிட வேண்டாம். கால்சியம் முதல் பல சத்துகள் அதில் இல்லை. மருத்துவ உணவு நடக்கிறவரை மீன் துண்டை நிறுத்திவையுங்கள். வடித்த தண்ணீர் ஒரு ஸ்பூன், இரண்டு ஸ்பூன் மட்டும். அதையும் டாக்டரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

வாழைத்தண்டுச் சாற்றைப் பக்கத்து வீட்டு அக்கா அன்பாகத்தான் சொல்லியிருக்கிறார். பூனைக்கு அது கல்லைத் தடுக்கும் என்பதற்கு நான் எந்த ஆதாரத்தையும் பார்த்ததில்லை. பிடித்து வாயில் ஊற்றினால் மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரல் பாதிக்கலாம். போராடுகிற மனக்கலக்கத்திலேயே சிறுநீர்ப்பை மறுபடி அழலும். இளநீரையும் யாராவது சொல்வார்கள். அதில் பொட்டாசியம் அதிகம். அடைத்த பூனைக்கு அது விஷத்துக்குச் சமம். பால் தண்ணீர்க் கணக்கில் வராது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காமல் வயிற்றுப்போக்காகும், உள்ளதும் போய்விடும்.

தானியம் இல்லாத டிரை ஃபுட்டும் டிரை ஃபுட்தான். கல்லைத் தடுப்பதில் அதற்குத் தனிச் சிறப்பு எதுவும் இல்லை.

உங்கள் போர் தண்ணீரைப் பொறுத்தவரை, அதிலுள்ள உப்புகளால் கல் வருகிறது என்று சொல்ல முடியாது. உணவில் வரும் மக்னீசியம், பாஸ்பரஸோடு ஒப்பிட்டால் தண்ணீரில் வருவது சிறிது. ஆனால் உப்புக் கரிக்கும் தண்ணீரை அவன் குறைவாகக் குடித்தால் அதுவே தொல்லை. நீங்கள் குடிக்கிற தண்ணீரையே, தாமிரபரணித் தண்ணீரோ ஆர்ஓவோ எதுவானாலும், அவனுக்கும் வையுங்கள். மண்சட்டியில் வைத்துப் பாருங்கள். கசிந்து குளிர்ந்திருக்கும் தண்ணீர் வெயில் காலத்தில் பூனைக்குப் பிடிக்கிறது. மீசை இடிக்காத அகலமான பாத்திரம், விளிம்புவரை தண்ணீர், தினமும் கழுவிப் புதிதாக ஊற்றுவது, சாப்பாட்டிலிருந்தும் மணல் தொட்டியிலிருந்தும் தள்ளி வீட்டில் மூன்று நாலு இடம். குழாயில் சொட்டுவதை நக்குகிற பழக்கம் இருந்தால் தடுக்காதீர்கள்.

எடையைப் பற்றியும் பேச வேண்டும். ஆறு கிலோ அவனுக்கு அதிகம் என்றுதான் தோன்றுகிறது. தடித்த, கருத்தடை செய்த, வீட்டோடு கிடக்கும் கடுவன்களைத்தான் இந்த நோய் அதிகம் தேடி வருகிறது. இதற்காக ஆபரேஷன் செய்ததைத் தவறென்று எண்ண வேண்டாம். அதற்கப்புறம் பசி கூடுகிறது, செலவாகும் சக்தி குறைகிறது, கிண்ணமும் நிறைந்தே இருக்கிறது. ஐந்து கிலோவுக்குக் கொண்டுவரப் பாருங்கள், ஆனால் மெதுவாக. மாதத்துக்கு 150, 200 கிராம் இறங்கினால் போதும். ஈர உணவில் வயிறு நிறையும், கலோரி குறையும், அதுவே பாதி வேலையைச் செய்துவிடும்.

ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் டோனி பஃபிங்டன் இந்தச் சிறுநீர்ப்பை அழற்சியைப் பல வருடம் ஆராய்ந்தார். பூனை வாழும் சூழலைச் சீர்செய்தாலே நோய் பெருமளவு அடங்குகிறது என்று அவரும் அவரோடு இருந்தவர்களும் கண்டார்கள். சாப்பாட்டு நேரம் மாறினாலோ பழக்கமான ஆள் வராமல்போனாலோ ஆரோக்கியமான பூனைகள்கூட வாந்தி எடுத்தன, சாப்பிட மறுத்தன, தொட்டிக்கு வெளியே அசுத்தம் செய்தன. நேரம் தவறாமல் வையுங்கள் என்று நான் சொல்வது அதனால்தான். தீபாவளி வெடிச் சத்தம், உறவினர் கூட்டம், வீட்டுக்கு வெள்ளையடிப்பது போன்ற நாட்களில் அவனுக்கு ஒளிந்துகொள்ள ஒரு அறை ஒதுக்குங்கள். அந்த நாட்களில் தொட்டியையும் கூடுதலாகக் கவனியுங்கள்.

உங்கள் பெண் பூனைக்கும் இதே அழற்சி வரலாம், ஆனால் அவள் குழாய் அகலம் என்பதால் அடைப்பது மிக அபூர்வம். கரைக்கும் வகை உணவு அவளுக்கு வேண்டாம். ஏழு வயதாகிவிட்டதால், நீண்ட நாள் வகையைக்கூட ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று தெரிந்தபின்தான் கொடுக்க வேண்டும். அவளுக்குச் சாதாரண ஈர உணவே போதும், அவள் சிறுநீரகத்துக்கும் நல்லது. இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் பார்க்காத இடத்தில் தனித்தனித் தட்டு. கால் மணி நேரம் கழித்து மிச்சத்தை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தட்டு மாறும். மணல் தொட்டி இரண்டு போதாது, மூன்று வையுங்கள், வேறு வேறு இடத்தில். தொட்டி அழுக்காக இருந்தால் பூனை அடக்கிக்கொள்ளும். நாம் இவ்வளவு பாடுபட்டு உள்ளே அனுப்பிய தண்ணீர் பையிலேயே தேங்கிக் கிடக்கும்.

கட்டியாகும் மணல் போட்டால் ஒரு நாளுக்கு எத்தனை கட்டி, எவ்வளவு பெரியது என்று எண்ணிவிடலாம். ஈர உணவுக்கு மாறியபின் கட்டிகள் பெரிதாவதை நீங்களே பார்ப்பீர்கள். ஒரு நாள் திடீரென்று சின்னச் சின்னதாக நிறைய இருந்தால் அன்றே டாக்டரிடம் போங்கள்.

சிறுநீர்ப் பரிசோதனை இப்போதிலிருந்து இரண்டு வாரத்தில் ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, அப்புறம் மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீரை எடுத்த சூட்டிலேயே பார்க்கச் சொல்லுங்கள். ஃபிரிட்ஜில் வைத்துக் குளிர்ந்த சிறுநீரில் இல்லாத கிரிஸ்டலும் உருவாகித் தெரியும், அதைப் பார்த்து வீணாகப் பயப்படுவோம். ஒன்றிரண்டு கிரிஸ்டல் நல்ல பூனைக்கும் இருக்கும். எனக்கு முக்கியம் சிறுநீரின் அடர்த்தி எண். டிரை ஃபுட் மட்டும் தின்னும் பூனைக்கு அது 1.050-க்கு மேல் போவது சாதாரணம். பஞ்சுவுக்கு 1.035-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். சிறுநீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஹெச் எண் 6.5-க்குக் கீழே இருந்தால் ஸ்ட்ரூவைட் படிவது கடினம், ஆனால் 6-க்கும் கீழே இறங்கக் கூடாது.

ஒரு மாதம் கழித்து அந்த இரண்டு எண்களையும் அவன் எடையையும் எனக்கு எழுதுங்கள். ஈர உணவை அதற்குள்ளும் தொடவில்லை என்றால் அதையும் எழுதுங்கள், வேறு வழி பார்ப்போம்.